இருங்காட்டுக்கோட்டைத் தடமும் நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கையும்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: ஜனவரி 14, 1977) ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் போட்டியிட்ட முதல் இந்தியர். கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். 2005-இல் ஜோர்டான் அணிக்காகவும், 2011, 2012 ஆண்டுகளில் எச்.ஆர்.டி. அணிக்காகவும் ஓட்டினார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற ஒரே இந்திய ஓட்டுநரும் அவரே. அவருடைய முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் நடுவில் இருக்கும் அந்தத் தடம், அங்கே கார்த் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே அமைக்கப்பட்டது.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

சென்னையின் மோட்டார் பந்தய மரபு சோழவரத்தில் தொடங்குகிறது. நகரின் வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று போருக்குப் பின் பயனற்றுக் கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. சோழவரம் பந்தயம் பல ஆண்டுகள் சென்னையின் குளிர்காலத் திருவிழாக்களில் ஒன்றாக இருந்தது. சமஸ்தான வாரிசுகளும் ஆலை அதிபர்களும் வெளிநாட்டிலிருந்து தருவித்த கார்களோடு வந்தனர். பட்டறை மெக்கானிக்குகள் தாங்களே மாற்றியமைத்த அம்பாசிடர், ஃபியட் கார்களோடு அதே தடத்தில் இறங்கினர். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றை இங்கே ஓட்டியதைப் பழைய பார்வையாளர்கள் இன்றும் சொல்வதுண்டு.

ஆனால் ஓடுதளம் என்பது ஓடுதளம்தான். பந்தயத்துக்கு வேண்டிய ஏற்ற இறக்கமும் பலவகை வளைவுகளும் அதில் இல்லை. தடத்தை விட்டு விலகும் கார் பாதுகாப்பாக நிற்பதற்கான இடமும் இல்லை. இடம் சங்கத்துக்குச் சொந்தமானதும் அல்ல. இதனால் சங்கம் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் நிலம் வாங்கிச் சொந்தத் தடம் ஒன்றை அமைத்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. முழுச் சுற்றின் நீளம் 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். நீண்ட காலம் மெட்ராஸ் மோட்டார் பந்தயத் தடம் என்றே அறியப்பட்டு, இப்போது மெட்ராஸ் சர்வதேசத் தடம் எனப்படுகிறது.

அப்போது அந்த வட்டாரம் ஏரிப் பாசன ஊர்களும் மானாவாரி நிலங்களுமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுஜர் பிறந்த ஊர் என்பதுதான் பலருக்கும் தெரியும். 1991 மே மாதத்துக்குப் பின் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் அறியப்பட்டது. ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் பதிவானது 1996-இல். இருங்காட்டுக்கோட்டை ஆலையின் முதல் காரான சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது 1998-இல். ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது 2010-இல். டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-இலும் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் தொடர்ந்தன. அதாவது இந்த வட்டாரத்தில் கார் செய்வதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே காரைப் பந்தயத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். உலக வரலாற்றில் பெரும்பாலும் இது தலைகீழாக நடந்திருக்கிறது. டூரின், ஸ்டுட்கார்ட் போன்ற நகரங்களில் ஆலைகள் முதலில் வந்தன. தங்கள் காரின் திறனைக் காட்ட அவையே பந்தய அணிகளை வளர்த்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஆலையும் தடமும் அருகருகே இருந்தும் அப்படி ஒரு உறவு ஏற்படவில்லை. இங்கே பந்தயத்துக்குப் பணம் தந்தவை பெரும்பாலும் டயர் நிறுவனங்கள்தான்: எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர்.

கோயம்புத்தூர்ப் பின்னணி

நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் பம்ப் தொழிற்கூடங்களும் நிறைந்த கோயம்புத்தூரில் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவது அன்றாட வேலை. அங்கிருந்து வந்த எஸ். கரிவரதன் இந்தியப் பந்தய வரலாற்றில் தனி இடம் பெறுபவர். நரேனின் உறவினரான அவர் சோழவரத்தில் ஓட்டுநராகப் புகழ் பெற்றார். பிறகு மாருதி 800 காரின் இயந்திரத்தைப் பொருத்தி, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். இதுவே ஃபார்முலா மாருதி.

இந்தக் காரின் முக்கியத்துவம் அதன் வேகத்தில் இல்லை. அதுவரை ஒற்றை இருக்கைக் கார் ஓட்ட விரும்புபவர் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வேண்டும். ஆளுக்கொரு கார் என்றால் போட்டியில் வெல்வது பணமா திறமையா என்று பிரித்தறிய முடியாது. ஃபார்முலா மாருதியில் எல்லாருக்கும் ஒரே கார். இயந்திரத்தின் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இளம் ஓட்டுநர்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவில் கிடைத்த முதல் நம்பகமான அளவுகோல் அதுதான் எனலாம். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

நரேன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதி காரில்தான் ஓட்டினார். அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறினார். ஐரோப்பாவில் அந்த வயதுச் சிறுவர்கள் எட்டு, பத்து வயதிலிருந்து கார்ட்டிங் ஓட்டி நூற்றுக்கணக்கான பந்தயங்களைப் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் அப்போது அப்படிப்பட்ட கார்ட்டிங் அமைப்பு எதுவும் இல்லை. இந்த இடைவெளி அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

ஐரோப்பாவில் பத்தாண்டுகள்

அடுத்து அவர் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி நடத்திய பிலோட் எல்ஃப் போட்டியில் 1992-இல் அரையிறுதி வரை சென்றார். 1993-இல் ஸ்ரீபெரும்புதூர் திரும்பி மீண்டும் ஃபார்முலா மாருதி ஓட்டினார். அதே ஆண்டு பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர் போட்டியிலும் இறங்கினார். 1994-இல் ஃபார்முலா ஃபோர்டு. அந்த ஆண்டு பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் ஒரு சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

1995-இல் ஃபார்முலா ஆசியா தொடரில் நான்கு பந்தயங்கள் மட்டும் ஓட்டினார்; மலேசியாவின் ஷா ஆலம் தடத்தில் இரண்டாம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு முழுத் தொடரிலும் பங்கேற்று சாம்பியன் ஆனார். 1997-இல் பிரிட்டன் திரும்பி, ஃபார்முலா ஓப்பல் தொடரில் பால் ஸ்டூவர்ட் ரேசிங் அணிக்காக டானிங்டன் பார்க்கில் ஒரு பந்தயத்தை வென்றார்.

அவருடைய உண்மையான தகுதியைக் காட்டியது பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடர்தான். 1998-இல் முழுத் தொடரும் ஓட்ட முடியாமல் பன்னிரண்டாம் இடம். 1999-இல் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரண்டு வெற்றிகள் உட்பட ஐந்து முறை மேடை ஏறி ஆறாம் இடம். 2000-இல் நான்காம் இடம். அந்த ஆண்டு ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் தடத்தில் நடந்த சர்வதேச ஃபார்முலா 3 பந்தயத்தையும் கொரியா சூப்பர் பிரி பந்தயத்தையும் வென்றார். மக்காவ் கிராண்ட் பிரியில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். மக்காவ், நகரத் தெருக்களில் இருபுறமும் தடுப்புச் சுவர்களுக்கு இடையே ஓட்டும் பந்தயம். சுவரிலிருந்து ஓர் அங்குலம் விட்டு ஓட்டுபவரே அங்கே முதலிடம் பெற முடியும். நரேன் வெறும் விளம்பர ஓட்டுநர் என்று பின்னாளில் பேசியவர்கள் இந்த ஒரு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு ஜோர்டான் அணியும் அவருக்குச் சோதனை வாய்ப்பு தந்தது. ஆனால் சோதனைக்கும் நிரந்தர இருக்கைக்கும் நடுவில் பணம் நின்றது. சிறிய அணிகள் தங்கள் செலவில் ஒரு பகுதியை ஓட்டுநரின் விளம்பரதாரர்களிடமிருந்தே பெற்றன. மினார்டி அணியோடு 2004-ஆம் ஆண்டுக்கான பேச்சு நடந்தும், தேவையான தொகை திரளாததால் கைவிடப்பட்டது. கிரிக்கெட்டுக்குக் கொட்டிக் கொடுத்த இந்திய நிறுவனங்களுக்கு, பிற்பகலில் யாரும் பார்க்காத ஒரு பந்தயத்தில் கடைசி வரிசையில் ஓடும் காரின் மேல் பெயர் எழுதுவது லாபமாகத் தோன்றாததில் வியப்பில்லை. டாடா குழுமம் முன்வந்தது விதிவிலக்கு. 2002 முதல் டாடாவின் ஆதரவோடு அவர் வேர்ல்டு சீரிஸ் தொடரில் ஓட்டினார். 2003-இல் இரண்டு வெற்றிகளுடன் நான்காம் இடம் பெற்றார். 2004-இல் வலென்சியாவிலும் மன்யி-கூரிலும் வென்றார்.

2005: ஜோர்டான்

2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டான் அணி நரேனை ஓட்டுநராக அறிவித்தது. எடி ஜோர்டான் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அணியை மிட்லாண்ட் குழுமத்துக்கு விற்றிருந்தார். 1990-களில் பந்தயங்களை வென்ற அந்த அணி இப்போது பெயரளவில் மட்டுமே பழைய ஜோர்டான். இயந்திரம் டொயோட்டாவுடையது, சக ஓட்டுநர் போர்ச்சுகலின் டியாகோ மோன்டெய்ரோ. மினார்டி மட்டுமே பின்னால் ஓடும் அளவுக்கு மெதுவான கார்.

மார்ச் 6 அன்று மெல்பர்னில் முதல் பந்தயம். தகுதிச் சுற்றின்போது மழை பெய்ததில் பெரிய அணிகள் தடுமாற, நரேன் பன்னிரண்டாம் இடத்தில் தொடங்கினார். பந்தயத்தை 15-ஆம் இடத்தில் முடித்தார். மலேசியாவில் 11-ஆம் இடம். கார் இருந்த நிலைக்கு அது நல்ல முடிவே. ஆனால் அப்போது முதல் எட்டு இடங்களுக்கு மட்டுமே புள்ளி தரப்பட்டது.

புள்ளி வந்தது ஜூன் 19 அன்று, இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரியில். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்வான 13-ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா சுவரில் மோதியது. டயர் செயலிழந்ததே காரணம். அந்தச் சாய்வில் தன் டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலின் அறிவித்தது. வளைவின் வேகத்தைக் குறைக்க இடையில் ஒரு தடைத் திருப்பம் அமைக்கலாம் என்ற யோசனையைச் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருபது கார்களும் அறிமுகச் சுற்றில் சென்றன. சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் பூட்டிய பதினான்கு கார்கள் பிட் பகுதிக்குள் திரும்பி நின்றுவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் தொடக்கக் கோட்டில் நின்றன: ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. பார்வையாளர்கள் கூச்சலிட்டனர்; தடத்தில் பாட்டில்களை வீசினர்.

மைக்கேல் ஷூமாக்கரும் பாரிகெல்லோவும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தனர். மோன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஒரு இடம் முன்னால் வந்திருந்தால் ஃபார்முலா ஒன் மேடை ஏறிய முதல் இந்தியர் என்ற பெயர் கிடைத்திருக்கும். மேடையில் ஃபெராரி ஓட்டுநர்கள் கொண்டாட்டமின்றி இறங்கிப்போக, மோன்டெய்ரோ மட்டும் ஷாம்பெயினைத் தெளித்துக் கொண்டாடினார். மிகக் கேலிக்குள்ளான பந்தயங்களில் ஒன்று அது. ஆனாலும் அந்த ஐந்து புள்ளிகளைப் பரிசாகக் கிடைத்தவை என்று தள்ளிவிடுவது முழு நியாயமல்ல. ஆறு கார்களும் பந்தயத்தை முடித்தன. நரேன் தோற்கடிக்க வேண்டிய மினார்டிகள் இரண்டையும் தோற்கடித்தார். தோற்றது சக ஓட்டுநரிடம். அவருடைய அந்த ஆண்டின் அளவை அதுவே சரியாகக் காட்டுகிறது.

ஆண்டின் கடைசிப் பந்தயம் சீனாவின் ஷாங்காயில் நடந்தது. ஜோர்டான் என்ற பெயரில் அந்த அணி ஓடிய கடைசிப் பந்தயமும் அதுவே. நரேனின் கார் தடுப்பில் பலமாக மோதிச் சிதறியது. அவர் காயமின்றித் தப்பினார். மறு ஆண்டு அணி மிட்லாண்ட் என்று பெயர் மாறியது. நரேனுக்கு அங்கே இடமில்லை.

இடைக்காலம்

2006, 2007 ஆண்டுகளில் அவர் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர். நாடுகளுக்கு இடையே நடந்த ஏ1 கிராண்ட் பிரி தொடரில், 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் இந்தியாவுக்கு முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தார். 2008-இல் பிராண்ட்ஸ் ஹேட்சிலும் வென்றார். 2009 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கோலெஸ் அணியின் ஆடி காரை ஓட்ட வேண்டியவர், பந்தயத்துக்குச் சற்று முன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோளில் காயம்பட்டுக் கலந்துகொள்ள முடியாமல் போனார். எந்த வளைவிலும் அல்ல, ஒரு சுவரைத் தாண்டியதில் வந்த காயம். 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பின் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில்லில் 13-ஆம் இடம் பெற்றார். நாஸ்காரில் ஓடிய முதல் இந்தியர் அவரே. அத்தொடரின் ரசிகர் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் விருப்பமான ஓட்டுநராகவும் தேர்வானார். இணையத்தில் இந்தியர்கள் வாக்களித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் அப்போது எதிர்பார்த்திருக்கவில்லை. அதே ஆண்டு இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ வழங்கியது.

எச்.ஆர்.டி. ஆண்டுகள்

2011-இல் அவர் ஸ்பெயினின் ஹிஸ்பானியா (எச்.ஆர்.டி.) அணி வழியாக ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். அணியின் தலைவர் கோலின் கோலெஸ். ஜோர்டானிலும் லெ மானிலும் நரேனோடு பணிபுரிந்தவர். டாடா மீண்டும் விளம்பரதாரர். 2010-இல் அதே அணியில் சென்னையின் கருண் சந்தோக் ஓட்டியிருந்தார். சோழவரம் காலத்திலிருந்து பந்தயத்தில் ஊறிய குடும்பம் சந்தோக்குடையது. ஃபார்முலா ஒன்னில் ஓடிய இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டிலிருந்து, அதுவும் ஒரே சங்கத்தின் தடங்களைச் சுற்றி வளர்ந்த குடும்பங்களிலிருந்து வந்தது தற்செயல் அல்ல. நாட்டில் அப்போது வேறு கதவுகள் இருக்கவில்லை.

எச்.ஆர்.டி. கார் தொடரிலேயே மிக மெதுவானது. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓடாத கார் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது என்ற விதி அந்த ஆண்டு மீண்டும் வந்தது. மெல்பர்னில் அணியின் இரண்டு கார்களும் அந்த அளவை எட்டவில்லை. வலென்சியாவில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரியில் 24 கார்கள் தொடங்கி 24-உம் முடித்தன. கடைசியாக வந்தவர் நரேன். 24-ஆம் இடம் என்ற முடிவு ஃபார்முலா ஒன் பதிவேட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. அடுத்த பந்தயத்திலிருந்து ரெட் புல்லின் ஆதரவு பெற்ற டேனியல் ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞருக்கு அவருடைய இருக்கை கொடுக்கப்பட்டது.

அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்வதேசத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரி நடந்தபோது நரேனை அணி மீண்டும் அழைத்தது. சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஓட்டிய அவர் 17-ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த இடத்தில், 18-ஆவதாக வந்தவர் அதே அணியின் ரிக்கார்டோ. அதே கார், அதே நாள், பிற்காலத்தில் எட்டு கிராண்ட் பிரிகளை வென்ற ஓட்டுநர்: நரேனின் ஃபார்முலா ஒன் வாழ்க்கையில் சிறந்த பந்தயம் எது என்று கேட்டால் இண்டியானாபொலிஸை விட இதைச் சொல்வதே பொருத்தம்.

2012-இல் முழு ஆண்டும் ஓட்டினார். மலேசியாவில் ஜென்சன் பட்டனும் செபாஸ்டியன் வெட்டலும் அவருடைய காரோடு உரசிப் பின்தங்கினர். நடப்பு உலக சாம்பியனான வெட்டல் கோபத்தில் அவரை வெள்ளரிக்காய் என்று திட்டினார். மோசமான ஓட்டுநரைக் குறிக்கும் ஜெர்மானியப் பேச்சு வழக்கு அது. முந்திச் செல்பவருக்கு வழிவிட வேண்டியது கடைசிக் காரின் கடமை என்பது உண்மை. ஈரமான தடத்தில் வழிவிட விலகினால் பிடிமானம் போய்விடும் என்பதும் உண்மை. மொனாக்கோவில் 15-ஆம் இடம் பெற்றார். ஆண்டு முடிவில் எச்.ஆர்.டி. அணி பணமின்றி மூடப்பட்டது. 46 பந்தயங்கள், 5 புள்ளிகள் என்பது நரேனின் ஃபார்முலா ஒன் கணக்கு. அவருக்குப் பின் இதுவரை எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடவில்லை.

ஜப்பான், பின்னர்

2013-இல் ஐரோப்பாவின் ஆட்டோ ஜிபி தொடரில் ஓட்டிய பின், 2014 முதல் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா தொடரில் பங்கேற்றார். 2019-இல் சூப்பர் ஜிடி தொடருக்கு மாறினார். அந்த ஆண்டு நவம்பரில் ஃபுஜி தடத்தில், ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் மோதிய சிறப்புப் பந்தயம் ஒன்றை நாகஜிமா ரேசிங்கின் ஹோண்டா காரில் வென்றார். அப்போது அவருக்கு வயது 42.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் இதற்கிடையே வேறு பலருக்கும் தொடக்கமாக இருந்தது. நடிகர் அஜித் குமார் 2002-இல் ஃபார்முலா மாருதி தொடரில் ஓட்டிய பின்னரே ஆசிய, ஐரோப்பியத் தொடர்களுக்குச் சென்றார். எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடருக்காக வெளிநாட்டு இளைஞர்கள் குளிர்காலத்தில் இங்கே வரத் தொடங்கினர். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் இங்கே ஓட்டியிருக்கிறார். 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் ஜேமி சாட்விக் இந்தத் தடத்தில்தான் அத்தொடரின் பட்டத்தை உறுதி செய்து, அதை வென்ற முதல் பெண்ணானார். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயம் நடத்தப்பட்டது. ஆனால் தேசிய அளவிலான கார், மோட்டார் சைக்கிள் பந்தயச் சுற்றுகள் பலவும் இன்றும் இருங்காட்டுக்கோட்டையிலேயே நடக்கின்றன. பந்தய நாட்களில் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே பந்தய மோட்டார் சைக்கிள்களை ஏற்றிய சிறு வேன்கள் திரும்புவதைப் பார்க்கலாம்.

நரேன் 2020-இல் பயன்படுத்திய இருசக்கர வாகனங்களைப் புதுப்பித்து விற்கும் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தைக் கோயம்புத்தூரில் தொடங்கினார். 2022-இல் டி.வி.எஸ். மோட்டார் அதில் பங்குகளை வாங்கியது.